ஏட்டைச் சுரண்டியவன்

"இதைச் சுரண்டியவன் எப்படிப்பட்ட மனிதனாக இருந்திருப்பான், பெரியவரே?"

ஸ்தமாதிஸ் இப்படிக் கேட்டபோது பெரியவர் அந்திமோஸ் கையிலிருந்த தோல் ஏட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரேக்கக் கடலோரத்தில் ஒரு பாறை உச்சியில் இருந்த சிறிய மடம் அது. அந்திமோஸ் அதன் தலைவர். அவரிடம் சீடனாகச் சேர்வதற்கு முன் ஸ்தமாதிஸ் நகரத்தில் கணித ஆசிரியனாக இருந்தவன். நாற்பது வயதுக்கு மேல் துறவியானவன். உலகத்தை விட்டுவிட்டேன் என்று அவன் சொல்வதுண்டு. கணக்கை விட்டுவிட்டதாக ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த ஏடு ஒரு ஜெபப் புத்தகத்தில் இருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் அதே மடத்துத் துறவி ஒருவர் எழுதிய புத்தகம். அவர் புதுத் தோலில் எழுதவில்லை. தம் காலத்துக்கும் முந்திய வேறொரு புத்தகத்தைப் பிரித்து, அந்த ஆட்டுத்தோல் ஏடுகளில் இருந்த மையைச் சுரண்டிவிட்டு, ஏட்டைக் குறுக்காகத் திருப்பி, அதன்மேல் ஜெபங்களை எழுதியிருந்தார். சுரண்டப்பட்டது ஒரு பழைய கிரேக்க வடிவக்கணித நூல். யார் எழுதியது என்று தெரியவில்லை. வேறெங்கும் பிரதி இருப்பதாகவும் தெரியவில்லை.

ஜெப வரிகளுக்கு அடியில் ஒரு வட்டத்தின் விளிம்பு தெரிந்தும் தெரியாமலும் கிடந்தது. அதை முதலில் கண்டவன் ஸ்தமாதிஸ்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"படிக்காத முட்டாளாகத்தான் இருந்திருப்பான்," என்று அவனே பதிலையும் சொன்னான். "கையில் இருப்பது என்னவென்று தெரிந்தவன் கத்தியை எடுத்திருக்க மாட்டான்."

"எனக்குத் தெரியவில்லை," என்றார் பெரியவர். "தெரிந்தால் சொல்கிறேன்."

அடியில் இருப்பதைப் படிக்க உதவி கேட்டு ஸ்தமாதிஸ் ஊர் ஊராகக் கடிதம் எழுதினான். ஒரு கோடையில் இரண்டு பேர் படகில் கேமராவோடு வந்து இறங்கினார்கள். புத்தகத்தின் முதுகுப் பசையை இளக்கி, ஏடுகளைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஓர் ஏட்டை அசையாமல் பிடித்துவைத்து, ஊதா, நீலம், பச்சை, சிவப்பு, பிறகு கண்ணுக்கே தெரியாத வெளிச்சம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். எல்லாப் படங்களையும் கணினி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இருக்கும் மையைக் கழித்துவிடும். திரையில் ஜெபம் மறையும். அடியில் இருந்த கணக்கு மெல்ல எழுந்து வரும்.

ஸ்தமாதிஸ் அந்த வேலையைச் சீக்கிரமே கற்றுக்கொண்டான். வந்தவர்களைவிட அவனுக்குத்தான் அதில் வேகம் இருந்தது.

ஓர் ஏட்டை மட்டும் பெரியவர் கொடுக்கவில்லை. உயிர் பிரியும் நேரத்தில் வாசிக்கும் ஜெபம் அதில் இருந்தது. அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாகப்போகிறவருக்கு அந்த ஜெபத்தை மனப்பாடமாக ஒப்பிக்கக் கூடாது. ஏட்டைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது அவருடைய வலது கை ஏட்டின்மேல் இருக்க வேண்டும். ஒவ்வொரு வேண்டுதல் முடிவிலும் அவர் ஆமென் சொல்லுவார். அதுவரை அந்த மடத்தில் இறந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரே ஏட்டின்மேல் கை வைத்துத்தான் போனார்கள்.

அடுத்து யார் கை வைப்பார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சமையற்கட்டைப் பார்த்துக்கொண்ட சகோதரர் கலினிகோஸ் படுக்கையில் விழுந்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஸ்தமாதிஸ் புதிதாக வந்து, காய்ச்சலில் கிடந்து, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்த நாட்களில் கரண்டியால் கஞ்சி ஊட்டியவர் கலினிகோஸ். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார். உங்கள் முக்கோணத்துக்கு உப்புப் போடவா, வேண்டாமா என்று கேட்பார்.

அந்த ஏட்டில்தான் நிரூபணத்தின் நடுப்பகுதி இருக்க வேண்டும் என்று ஸ்தமாதிஸ் கணக்குப் போட்டிருந்தான். முந்திய பக்கமும் பிந்திய பக்கமும் கிடைத்துவிட்டன. நடுவில் இருக்கும் பாலம் மட்டும் இல்லை. பெரியவரிடம் கேட்டுப் பார்த்தான், மசியவில்லை. கடைசியில் நேராகக் கலினிகோஸின் படுக்கைக்கே போனான்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என் ஜெபத்துக்கு அடியில் இருப்பது கணக்கா? சாகும்போதும் என்னை விடமாட்டீர்களா, வாத்தியாரே?"

பிறகு அவரே பெரியவரிடம் சொல்லி அனுப்பினார். ஏட்டைக் கொடுத்துவிடச் சொன்னார். ஸ்தமாதிஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் கேட்கும்போது திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள் அல்லவா?"

"கொடுத்துவிடுவேன், சகோதரரே."

கடல்காற்றின் ஈரத்தில் அந்த ஏடு சுருண்டு கிடந்தது. எடை வைத்து அதைப் படிய வைப்பதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. கேமரா ஊர் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. முதலில் ஸ்தமாதிஸ் ஒரு முன்னோட்டப் படம் எடுத்துப் பார்த்தான். மங்கலாக இருந்தாலும் அடியில் இருந்த எழுத்தின் முதல் சில வரிகளைப் படிக்க முடிந்தது. அதைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்தான். ஏடு கண்ணுக்குத் தெரிகிறபடியே, ஜெபத்தோடு, இன்னொரு தாளும் அச்சிட்டான். இரண்டும் அச்சுப்பொறித் தட்டிலேயே கிடந்தன.

கடைசி நாள் பிற்பகல், வந்தவர்கள் இருவரும் பெட்டிகளை இறக்கப் படகுத்துறைக்குப் போயிருந்தார்கள். மறுநாள் காலையில் படகு. அடுத்த ஆண்டு திரும்ப வருவார்களா என்று யாருக்கும் தெரியாது. ஸ்தமாதிஸ் அறையை இருட்டாக்கினான். கணினித் திரையைத் துணியால் மூடினான். வாசலுக்கு வெளியே மேலே இருந்த சிவப்பு விளக்கைப் போட்டான். அது எரிந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. ஏடு மயிரிழை நகர்ந்தாலும் அதுவரை எடுத்த படங்கள் எல்லாம் வீண்.

பாதி வெளிச்சங்கள் முடிந்திருந்தன. கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"ஸ்தமாதிஸ். அவர் கேட்கிறார்."

பெரியவரின் குரல்.

"இன்னும் கொஞ்ச நேரம், பெரியவரே. பாதிதான் ஆகியிருக்கிறது."

"அவருக்கு அவ்வளவு நேரம் இல்லை."

ஸ்தமாதிஸ் ஏட்டைப் பார்த்தான். இருட்டில் அது தெரியவில்லை. எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியும். இப்போது பிடியைத் தளர்த்தினால் அது மறுபடியும் சுருண்டுகொள்ளும். காலையில் கேமரா போய்விடும்.

"படம் ஒன்று அச்சிட்டு வைத்திருக்கிறேன்," என்றான். "ஜெபம் முழுவதும் அதில் இருக்கிறது. பார்த்து வாசித்துவிடலாம்."

"கை வைக்க ஏடு வேண்டும்."

"காகிதத்தின்மேல் வைக்கட்டும், பெரியவரே. எழுத்து ஒன்றுதானே."

அவன் இருட்டில் அச்சுப்பொறித் தட்டைத் தடவி மேலே இருந்த தாளை எடுத்தான். மடித்துக் கதவுக்கு அடியில் தள்ளினான். அந்தப் பக்கம் அதை யாரோ குனிந்து எடுப்பது கேட்டது. காலடிச் சத்தம் மெல்ல விலகிப் போனது.

மீதி வெளிச்சங்களும் முடிந்தன. துணியை விலக்கினான். கணினி வேலை செய்துகொண்டிருந்தது. திரையில் ஜெப வரிகள் ஒவ்வொன்றாக வெளுத்து மறைந்தன. வட்டம் முழுவதுமாக வந்தது. அதற்குள் ஒரு கோடு, அதன் இரு முனைகளிலும் எழுத்துகள். பாலம் அங்கேதான் இருந்தது. அவன் நினைத்திருந்ததைவிட எளிமையாக இருந்தது. ஸ்தமாதிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான்.

எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. பிறகுதான் விளக்கைப் போட்டான். அச்சுப்பொறித் தட்டில் ஒரு தாள் கிடந்தது. பழுப்பு மை, அழகான கையெழுத்து, முழு ஜெபம்.

அவன் ஏட்டைப் பிடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடினான்.

கலினிகோஸின் அறைக் கதவு திறந்திருந்தது. பெரியவர் கட்டிலருகே முழங்காலிட்டிருந்தார். கலினிகோஸின் வலது கை காகிதத்தின்மேல் கிடந்தது. பெரியவர் அந்த விரல்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்து, ஜெபம் வாசிக்கிற அதே ராகத்தில், நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"இவை இரண்டும் சமம் என்கிறேன். சமம் இல்லையென்றால், ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருக்கட்டும்."

கலினிகோஸ் ஆமென் சொல்ல வாயைத் திறந்தார். வாக்கியம் முடியவில்லை, தொடர்ந்தது. வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து மறுபடியும் உதடு அசைந்தது. அங்கேயும் இடம் இல்லை.

ஸ்தமாதிஸ் ஏட்டோடு உள்ளே காலெடுத்து வைத்தான். பெரியவர் திரும்பாமலே கையை உயர்த்தினார். அவன் நின்றுவிட்டான். பிறகு பெரியவர் காகிதத்தின்மேல் இருந்த கலினிகோஸின் கையை எடுத்து அவர் மார்பின்மேல் வைத்தார்.

மறுநாள் காலையில் கலினிகோஸை அடக்கம் செய்தார்கள். மலைச்சரிவில் மண் போட்டுக்கொண்டிருக்கும்போதே கீழே படகு கிளம்பிப் போவது தெரிந்தது.

சில நாட்களில் பாராட்டுகள் வந்தன. ஒரு பத்திரிகை, அறியாமையின் கத்தியிலிருந்து மீண்ட அறிவு என்று எழுதியிருந்தது. ஸ்தமாதிஸ் அதை மடித்து அடுப்பில் போட்டான். பெரியவரைத் தேடிப் போனான். அவர் சன்னலோரம் உட்கார்ந்து, பிரித்த ஏடுகளைச் சேர்த்து நூலால் தைத்துக்கொண்டிருந்தார். அந்த ஏடு அவர் மடியில் இருந்தது. மறுபடியும் சுருண்டிருந்தது.

"என்ன இருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்திருக்குமே, பெரியவரே. ஏன் அதையே வாசித்தீர்கள்?"

"அவர் கையை எடுத்துக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டேன். பிறகுதான் பார்த்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார்."

"வேறு ஏதாவது ஜெபம் சொல்லியிருக்கலாமே?"

"அந்த ஜெபம் இங்கே யாருக்கும் மனப்பாடம் இல்லை. எனக்குத் தெரிந்த மற்ற ஜெபமெல்லாம் அவருக்கும் மனப்பாடம். சொல்லியிருந்தால், ஏடு வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிருக்கும்."

ஸ்தமாதிஸ் தலை குனிந்து, தனக்கு ஏதாவது தண்டனை கொடுக்கச் சொன்னான்.

பெரியவர் ஊசியில் நூலைக் கோத்தார். சுருண்ட ஏட்டை உள்ளங்கையால் நீவிவிட்டு, அதன் இடத்தில் வைத்தார்.

"அன்றைக்கு ஒன்று கேட்டாய்," என்றார். "தெரிந்தால் சொல்கிறேன் என்றேன்."

ஸ்தமாதிஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"முட்டாள் இல்லை. படித்தவன்தான். கெட்டவனும் இல்லை. அவனுக்கும் அவசரமாக ஒரு பக்கம் தேவைப்பட்டது."