மொட்டைவாலனின் பத்தாவது அறை

ஆற்றங்கரைப் புதரில் மொட்டைவாலன் என்றொரு பெருச்சாளி இருந்தது. ஆற்றோரத்து நத்தையைத் தின்று, ஒரே அறை வளையில் மனைவி மினுக்கியோடு நிம்மதியாக வாழ்ந்தது.

ஒரு நாள் கடல் தாண்டி வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஆற்றில் கப்பல் நிற்கத் துறை கட்டினார்கள். கரையில் கிடங்கு எழும்பியது. கப்பல் வந்தால் டமார் என்று பீரங்கி முழங்கும்! ஆட்கள் நெல் மூட்டையோடு ஓடுவார்கள். ஓடுகிற ஓட்டத்தில் சிந்துகிற நெல் கொஞ்சமா நஞ்சமா!

மொட்டைவாலனுக்கு யோகம் அடித்தது. தின்றது போக மீதியைச் சேர்க்க இன்னோர் அறை தோண்டியது. தோண்டிய மண்ணைப் பின்னங்காலால் ஆற்றில் தள்ளியது. அதைப் பார்த்து மற்றப் பெருச்சாளிகளும் வந்து கரையைக் குடைந்தன.

ஆற்றில் வாழ்ந்த நீர்நாய் தலையை நீட்டியது.

"அண்ணே, மண்ணை மேட்டுப் பக்கம் தள்ளக் கூடாதா? நான் முங்குற இடத்துல இப்ப மூக்கு தரை தட்டுது!"

"மேட்டுக்குத் தள்ளினா என் இடுப்பு என்னாகும் தங்கச்சி? இம்மாம் பெரிய ஆத்துக்கு என் பிடி மண்ணு எம்மாத்திரம்!"

மினுக்கியும் சொல்லிப் பார்த்தது. "ஒம்பது அறை இருக்கே, போதாதா?"

"எதிர்வளைக்காரனுக்கும் ஒம்பது இருக்கேடி! அப்புறம் எனக்கென்ன மரியாதை?"

பத்தாவது அறை முடிந்த அன்று பீரங்கி முழங்கியது. மொட்டைவாலன் மீசையை முறுக்கிக்கொண்டு துறைக்கு ஓடியது. வந்த கப்பல் பாதி வழியில் சேற்றில் மாட்டிக்கொண்டது! மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு, கடல் நீர் ஏறிய நேரம் பார்த்துப் பின்வாங்கியது.

கப்பலில் இருந்த பூனை மேல்தட்டிலிருந்து கத்தியது: "ஐயா பெருச்சாளி! இனிமே வேற துறைக்குத்தான் போவோம். எந்தப் புண்ணியவானோ ஆத்துல மண்ணைத் தள்ளி மேடாக்கிட்டானாம்! யாருன்னு தெரியுமா?"

மொட்டைவாலன் மண் ஒட்டிய பின்னங்காலை மெல்ல மறைத்துக்கொண்டது.

"எனக்கென்ன தெரியும்! நானே ஊருக்குப் புதுசு!"

கிடங்கைப் பூட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். பீரங்கியின் வாயில் குருவி கூடு கட்டியது. சேர்த்த நெல்லும் ஆறே மாதத்தில் தீர்ந்தது. மினுக்கி ஒரு தடவை "பசிக்குது!" என்றால், காலி அறைகள் பத்தும் "பசிக்குது! பசிக்குது!" என்று கத்தின. பாவம் மொட்டைவாலன், எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்லும்!

வெட்கத்தை விட்டு நீர்நாயிடம் போனது. "தங்கச்சி, பழையபடி நத்தை தின்னே பொழைச்சுக்கறோம். ஒண்ணைக்கூடக் காணோமே, எங்கே போச்சு?"

"எங்கேயும் போகலை அண்ணே. அது மேலதான் உங்க பத்து அறை மண்ணும் கிடக்கு!"

மொட்டைவாலன் திருதிருவென விழித்தது. நீர்நாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தின்றுகொண்டிருந்த மீனில் பாதியை அதன் பக்கம் தள்ளியது.

"இதைத் தின்னுட்டு ஆத்தைத் தோண்டுங்க. தோண்டத்தான் உங்களுக்கு நல்லா வருமே! மண்ணை மட்டும்..."

"மேட்டுப் பக்கம்தானே? தெரியும் தாயே, தெரியும்!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே தோண்டத் தொடங்கியது மொட்டைவாலன்.

வாழவைக்கும் ஆற்றில் மண்ணைத் தள்ளுகிறவன், தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறான்.