சீமைக் கிளி ஆணா, பெண்ணா?

மணலூரை ஆண்ட கோதண்டபூபதி ராஜாவின் சபையில் அறிஞர்களுக்குப் பஞ்சமே கிடையாது. அறிவுக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு. அந்தச் சபைக்குப் புலவராக வாய்த்தவள் செண்பகவடிவு. அவள் வாயைத் திறந்தால் பாதிச் சபை தலையைக் குனிந்துகொள்ளும். தங்களைத்தான் சொல்கிறாள் என்பதே மீதிப் பாதிக்குப் புரியாது.

ராஜாவுக்கு ஒரே மகள், தையல்நாயகி. வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு என்றால் குடிகள் நேரே அவளிடம்தான் போவார்கள். அவளுக்கே பட்டம் கட்டுவது என்று ராஜாவும் நினைத்திருந்தார். தளவாய் கங்காதரருக்கு அதில் வயிற்றெரிச்சல். தன் மகனை ராஜாவுக்குத் தத்துக் கொடுத்து, சிம்மாசனத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று துடித்தார். அந்த மகனோ குதிரைமேல் ஏறிவிடுவான். இறக்கிவிடத்தான் நாலு பேர் வேண்டும்.

இந்தச் சமயத்தில் துறைமுகத்து வியாபாரி உதுமான் மரைக்காயர் ராஜாவுக்கு ஒரு சீமைக் கிளியைக் காணிக்கையாக அனுப்பினார். உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைப் பறவை. ஓயாமல் கீச்சிடும்.

தளவாய் சும்மா இருப்பாரா?

"மகாராஜா, கடல் தாண்டி வந்திருக்கிறது. இது தெய்வ சகுனம்! கிளி ஆணாக இருந்தால் ஆண்பிள்ளையைத் தத்தெடுத்துப் பட்டம் கட்டுங்கள். பெண்ணாக இருந்தால் இளவரசிக்கே கட்டுங்கள்" என்றார்.

பல்லி சொன்னால் படியிறங்காத ராஜா அவர். உடனே தலையாட்டிவிட்டார்.

அறிஞர்கள் கூடினார்கள். அரண்மனை வைத்தியர் கிளியின் காலைப் பிடித்து நாடி பார்த்தார். அது அவர் விரலைக் கடித்தது. "என்ன வீரம்! ஆண்தான்" என்றார். சோதிடர் அதன் ஜென்ம நட்சத்திரம் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "ரகசியம் காக்கிறது, ஆகவே ஆண்" என்றார். இலக்கண வித்துவான் தொண்டையைக் கனைத்தார்.

"கிளி அஃறிணை. அஃறிணைக்கு ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. இது ஒன்றன்பால்."

தளவாய் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"இருந்தாலும் ஆண் சாயல் தெரிகிறது" என்று முடித்தார் வித்துவான்.

தளவாய் வீட்டு விருந்துச் சாப்பாடு அவ்வளவு ருசி!

ராஜாவுக்கே அலுத்துப்போயிற்று. "என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓர் அடையாளம் சொல்ல ஆளில்லையா?"

"பௌர்ணமி சபைவரை பொறுங்கள் மகாராஜா, கொண்டுவருகிறேன்" என்றாள் செண்பகவடிவு.

கிளியைக் கொடுத்தவரையே கேட்கலாம் என்று அத்தனை அறிஞர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் நேரே துறைமுகத்துக்குப் போனாள்.

"இதுக்கு இவ்வளவு கூத்தா, புலவரம்மா?" என்று சிரித்தார் மரைக்காயர். "அலகுக்கு மேலே, மூக்குத் துளையைச் சுற்றி உள்ள சதையைப் பாருங்க. வளர்ந்த பறவையில் ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு."

திரும்பி வந்து கூண்டுக்குள் பார்த்தாள். பளிச்சென்று நீலம்.

அவளுக்கு மனம் கனத்தது. பிறகு கோபம் வந்தது. ஊரையே தாங்குகிற ஒரு பெண்ணின் வாழ்வை ஒரு சுண்டைக்காய்ப் பறவையின் மூக்கா தீர்மானிப்பது? ஆனால் தளவாயின் குணத்தை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய ஆள் ஒருவன் தூணுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு, தோழியிடம் சத்தமாகச் சொன்னாள்.

"நல்லவேளையடி! மூக்கு நீலமாக இருந்தால் பெண்ணாம், பழுப்பாக இருந்தால் ஆணாம். நம் இளவரசி பிழைத்தாள்!"

பௌர்ணமி வந்தது. சபை நிரம்பியது. செண்பகவடிவு அழைத்திருந்த மரைக்காயரும் வந்திருந்தார். கூண்டை நடுவில் வைத்தார்கள். தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மரைக்காயரே, அடையாளத்தைச் சொல்லுங்கள்" என்றாள் செண்பகவடிவு.

"மூக்கு நீலமென்றால் ஆண், பழுப்பென்றால் பெண், மகாராஜா."

ராஜா குனிந்து பார்த்தார். "பழுப்பு! அப்படியானால் இது பெண்!"

தளவாய் துள்ளி எழுந்தார். "பொய்! மோசடி! நேற்றுவரை அது நீலமாகத்தான் இருந்தது!"

"நேற்று நீலம் என்றால் இன்று எப்படி ஐயா பழுப்பாயிற்று?" என்று கேட்டார் ராஜா.

ராஜா தன் அங்கவஸ்திரத்தின் நுனியை நனைத்து, கிளியின் மூக்கை மெல்லத் துடைத்தார். துணியில் வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியின் பழுப்புக் கறை. அடியில் நீலம். அவர் கண் தளவாயின் விரல்களுக்குப் போனது. அங்கேயும் அதே கறை.

வெட்கம் என்பது தளவாய் அறியாத சங்கதி. "பூசியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளி ஆண்தானே மகாராஜா! சகுனம் சகுனம்தானே! என் மகனைத் தத்தெடுங்கள்!" என்றார்.

ராஜா தயங்கினார். செண்பகவடிவு எழுந்து கைகூப்பினாள்.

"வாஸ்தவம் மகாராஜா. ஆண் கிளிதான். தளவாய் விரலால் தொட்டதும் பெண்ணாயிற்று, நீங்கள் துணியால் துடைத்ததும் மறுபடி ஆணாயிற்று. கொஞ்சம் காசுக்கட்டியில் கரைந்துபோகிற சகுனத்தை நம்பியா ராஜ்ஜியத்தைக் கொடுப்பது? ஆண்மைதான் ஆளத் தகுதி என்று தளவாய் சாதித்தால், பட்டத்தை இந்தக் கிளிக்கே கட்டிவிடுங்கள். அவர் மகனைவிட இது தேவலை. தானே ஏறும், தானே இறங்கும்."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் மகளைக் கைப்பிடித்து அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"பட்டம் தையல்நாயகிக்குத்தான். தளவாய் இனிமேல் பறவைக் கூண்டுகளைக் கழுவட்டும். செண்பகவடிவு, உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"எனக்கு ஒன்றும் வேண்டாம் மகாராஜா. இந்த வைத்தியர், சோதிடர், வித்துவான் மூவரையும் கொஞ்சநாள் கோழிக்கூட்டுக்கு அனுப்பிவையுங்கள். சேவல் முட்டையிடாது என்பதையாவது படித்துக்கொண்டு வரட்டும்!"