காவல்காரருக்குக் காட்டிய முகங்கள்

கொற்றத்துறையின் ஊர்த்தலைவர் தென்னவராயர் ஆசிரமத்துக்கு ஓடியே வந்தார். ஐம்பத்தைந்து வயது, அதற்கேற்ற தொந்தி, இடுப்பில் குலுங்கும் சாவிக்கொத்து. பின்னால் பாதி ஊரே கத்திக்கொண்டு வந்தது.

குரு நாச்சியம்மை அவரைவிடப் பத்து வயது சின்னவர். வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். நாரை விரலில் சுற்றியபடியே நிமிர்ந்தார்.

"என்ன ராயரே, வீடு பற்றிக்கொண்டதா?"

"ஊரே பற்றிக்கொண்டது அம்மா! சூது மண்டபத்தை மூடும் ஆணையில் மாலை முரசு கொட்டுவதற்குள் நான் முத்திரை வைத்தாக வேண்டும். வைக்கட்டுமா, வேண்டாமா?"

"வைக்க என்ன தடை?"

"போன வாரம் சாயக்காரர் ஒருவர் வீட்டையும் தோற்றுவிட்டு ஆற்றில் இறங்கி உயிரை விட்டுவிட்டார். அவர் பெண்டாட்டி என் வாசலில் உட்கார்ந்து 'மூடு' என்கிறாள். மண்டபத்தில் வேலை பார்க்கும் முந்நூறு பேர் அதே வாசலில் நின்று 'மூடாதே' என்கிறார்கள். எந்தப் பக்கம் பாரம் அதிகம்? யோசித்து யோசித்து மண்டை காய்கிறது!"

"அதைக் கொஞ்சம் சும்மா விடும். அந்த வேலைக்காரர்களை உள்ளே வரச் சொல்லும்."

முற்றம் நிரம்பி வழிந்தது. எல்லோருக்கும் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றவள் பொன்னுருவி. மண்டபத்தில் ஆடுகிறவர்களுக்குப் பகடை எடுத்துக் கொடுப்பவள்.

"தாயே, நாங்களா யாரையும் கையைப் பிடித்து இழுத்தோம்? வருகிறார்கள், ஆடுகிறார்கள், தோற்கிறார்கள். அதற்கு எங்கள் அடுப்பை ஏன் அணைக்க வேண்டும்? ராயர் வீட்டில் மட்டும் புகை வந்தால் போதுமா?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. ராயருக்குக் காதெல்லாம் சிவந்தது.

"நியாயம்தானே," என்றார் நாச்சியம்மை. "மண்டபம் திறந்தே இருக்கட்டும்."

ராயர் வாயைப் பிளந்தார். முற்றமே துள்ளியது. யாரோ குலவையிட்டார்கள்.

"இத்தனை நாள் உழைத்தவர்களுக்கு ஒரு மரியாதையும் செய்வோம். நாளையிலிருந்து உங்கள் வீட்டு ஆட்களும் வந்து ஆடட்டும். முதல் ஆட்டம் உன் பிள்ளைக்கு, பொன்னுருவி."

குலவை பாதியில் நின்றது.

"என் பிள்ளையா?"

"ஏன், ஆடுகிற வயது வரவில்லையா?"

"நன்றாகச் சொன்னீர்கள்! மீசை அரும்பிய அன்றைக்கே தரதரவென்று இழுத்துப் போய், காவல்காரர் காத்தமுத்து அண்ணனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து முகம் காட்டினேன். 'அண்ணே, இந்த மூஞ்சியை நன்றாகப் பார்த்துக்கொள். வாசலை மிதித்தால் முட்டியைப் பெயர்த்து அனுப்பு' என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இப்போது நானே விடுவேனா?"

"நீ ஒருத்திதானா?"

காத்தமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"எல்லோரும் காட்டுவார்கள் தாயே. அது எங்கள் வழக்கம். புது மாப்பிள்ளையைக்கூடத் தாலி மஞ்சள் காயுமுன் கூட்டி வந்து காட்டிவிடுவார்கள். முந்நூறு வீட்டு முகமும் எனக்கு அத்துப்படி. ஒருத்தனைக்கூட உள்ளே விட்டதில்லை."

"அந்தச் சாயக்காரர் முகம்?"

"அதை யாரும் எனக்குக் காட்..."

காத்தமுத்து தலையில் இருந்த துண்டை எடுத்துவிட்டார்.

பொன்னுருவிதான் முதலில் வாய் திறந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"சரி தாயே. மூடட்டும். நாளைக்கு என் பிள்ளைக்குச் சோறு?"

ராயர் அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "விளங்கிவிட்டது அம்மா! இதோ, முத்திரை வைத்துவிட்டு வருகிறேன்!"

"நில்லும். அவள் கேட்டது காதில் விழுந்ததா?"

"விழுந்தது. அது அவர்கள் பாடு அம்மா. நான் என்ன செய்ய முடியும்?"

"மண்டபம் ஊருக்கு வரி கட்டியதா?"

"கட்டாமலா? ஊர்க் களஞ்சியத்தில் பாதி நெல் அந்த வரியில் வந்ததுதான்."

நாச்சியம்மை அவர் இடுப்புச் சாவிக்கொத்தைப் பார்த்தார். "மண்டபத்தைப் பூட்டிய கையோடு களஞ்சியத்தைத் திறந்துவிடும். சாயக்காரர் வீட்டுக்கு முதல் மூட்டை. வேறு வேலை கிடைக்கும்வரை இவர்களுக்கும் அங்கிருந்தே போகட்டும்."

ராயரின் கை தானாகச் சாவியை மூடிக்கொண்டது. "அம்மா! பாதிக் களஞ்சியம் போய்விடுமே! இத்தனை வருஷமாக அதை வைத்துத்தானே ஊரை நடத்தினேன்!"

"அப்படியானால் நீரும் அங்கேதான் வேலை பார்த்திருக்கிறீர், ராயரே. முரசுக்கு நேரமாகிறது, ஓடும்."