அரசவைக் கிளை

கூழாங்குளத்து மீன்கொத்திக் கல்லூரியில் அந்த வருடம் முதலாவதாகத் தேறியவள் செவ்வலகி. கலங்கின தண்ணீருக்குள் எது மீன், எது நிழல், எது சருகு என்று கரையில் உட்கார்ந்தபடியே புட்டுப்புட்டு வைப்பாள். கல்லூரியில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “இங்கே தேறினால் சிங்க ராஜாவின் குகை வாசலில் உனக்கொரு கிளை உறுதி!”

யாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதில்லை. சொன்னார்கள், அவ்வளவுதான். செவ்வலகியும் அப்படியே நம்பிவிட்டாள்.

“இனிமே என்னைப் பார்க்கணும்னா ராஜாகிட்ட அனுமதி வாங்கிட்டு வாங்க!” என்று ஆமைகளிடம் அலட்டிக்கொண்டாள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் குளத்துக்கே விருந்து வைத்து வழியனுப்பினார்கள்.

குகை வாசலில் முள்ளம்பன்றி காவல் இருந்தது.

“என்ன படிச்சிருக்கே?”

“மீன்பிடிப்பு! கல்லூரியிலேயே முதலாவது!”

முள்ளம்பன்றி சிரிப்பை அடக்கிக்கொண்டது. “அடப் பொண்ணே, ராஜா மீன் சாப்பிட மாட்டாரே!”

“என்னது?”

“முள் குத்தும்னு தொடவே மாட்டார். உங்க கல்லூரியில யாருமே சொல்லலையா?”

செவ்வலகி பக்கத்து மரத்தைப் பார்த்தாள். கிளைக்குக் கிளை மீன்கொத்திகள்! எல்லோரும் அவளுக்கு முன்னே தேறியவர்கள். ராஜா எப்போது கூப்பிடுவாரோ என்று இரைகூடத் தேடாமல் விலா தெரிய மெலிந்திருந்த ஒருவன் நகர்ந்து இடம் விட்டான்.

“உட்காரு தங்கச்சி. ராஜாவுக்கு என்னைக்காவது மீன் ஆசை வராமலா போகும்?”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எந்த முகத்தோடு குளத்துக்குத் திரும்புவது? ஆனால் அந்த மரத்தில் உட்காரவும் மனம் ஒப்பவில்லை. பசி வேறு வயிற்றைக் கிள்ளியது. ஆற்றுப் பக்கம் பறந்தாள்.

ஆற்றங்கரையில் ஒரு மான்கூட்டம் தவித்துக்கொண்டு நின்றது. இக்கரையில் புல் தீர்ந்துவிட்டது. அக்கரை பச்சைப்பசேலென்று இருந்தது. நடுவே செம்மண் கலந்து புதுவெள்ளம் ஓடியது.

“முதலை எங்கே கிடக்குதுன்னே தெரியலையே!” என்று புலம்பினாள் ஒரு தாய்மான். பசி தாங்காத அவள் குட்டியோ தண்ணீரில் ஒரு காலை வைத்துவிட்டது.

செவ்வலகி கரையோரக் கிளையிலிருந்து உற்றுப் பார்த்தாள். குட்டிக்கு நேர் எதிரே, வாயைப் பிளந்தபடி முதலை!

முதலையும் அவளைப் பார்த்துவிட்டது. மூக்கை மட்டும் மேலே நீட்டி, “ஏய், சத்தம் போடாதே!” என்று கிசுகிசுத்தது. “ராஜா எனக்கு ரொம்ப வேண்டப்பட்டவர். நான் ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே உனக்கு அரசவைக் கிளை!”

செவ்வலகி ஒரு கணம் குகைப் பக்கம் பார்த்தாள். அரசவைக் கிளை! அம்மாவும் அப்பாவும் எப்படிப் பூரித்துப்போவார்கள்! அதற்குள் குட்டி அடுத்த காலையும் வைத்தது.

“இறங்காதீங்க! எதிரிலேயே முதலை!” என்று அவள் கத்தினாள். தாய்மான் பாய்ந்து குட்டியைப் பின்னுக்கு இழுத்தாள். செவ்வலகி முதலை பக்கம் திரும்பினாள். “மீனே தொடாத ராஜாகிட்ட எனக்கென்ன வேலை? போய்யா!”

“இந்தக் கலங்கல்ல உனக்கு எப்படிம்மா கண்ணு தெரியுது?” என்று வியந்தாள் தாய்மான்.

“அதைத்தானே படிச்சேன்! பாறைப் பக்கமா வாங்க. அங்கே ஆழமில்லை. நான் மேலேயே பறந்து வர்றேன்!”

முதலை திரும்பும்போதெல்லாம் அவள் குரல் கொடுத்தாள். மான்கள் நின்றன, ஓடின, ஒன்றுகூடக் குறையாமல் கரையேறின. அவற்றின் குளம்புகள் கிளறிவிட்டதில் மீன்குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக மேலே வந்தன. செவ்வலகி வயிறாரச் சாப்பிட்டாள்.

“நாளைக்கும் வருவியா?”

“நாளைக்கென்ன, தினமும் வர்றேன்!”

செய்தி காடெங்கும் பரவியது. எருமைகள் கூப்பிட்டன, காட்டுப்பன்றிகள் கூப்பிட்டன. ஒருத்தியால் சமாளிக்க முடியவில்லை. செவ்வலகி குகை வாசல் மரத்துக்கே பறந்துபோய், “ஆத்துல துறைக்குத் துறை ஆள் வேணும்! யார் வர்றீங்க?” என்று கேட்டாள். மெலிந்த அண்ணன்தான் முதலில் சிறகை விரித்தான்.

கற்ற வித்தை வீணாவதில்லை. ஆனால் அது வேண்டாத வாசலில் காத்துக் கிடப்பவருக்கு அல்ல, வேண்டிய இடத்தைத் தேடிப் போகிறவருக்கே அது சோறு போடும்.