உடும்பு படித்த கிழிசல் புத்தகங்கள்

மருதங்குளத்துக் காட்டில் ஓர் உடும்பு இருந்தது. பெயர் கெட்டியம்மா. காட்டுக் குட்டிகளுக்குக் கதைப் புத்தகம் எழுதுவதுதான் அதற்கு வேலை, ஆசை, உயிர் எல்லாம்.

கெட்டியம்மா காய்ந்த தேக்கிலையில் நகத்தால் கீறிக் கதை எழுதும். அதன் சினேகிதன் வண்ணமுத்து என்ற பச்சோந்தி படம் போடும். இலைகளை வாழைநாரால் தைத்துக் குளத்தங்கரை மருத மரத்துப் பொந்தில் கொண்டுபோய் வைப்பார்கள். அந்தப் பொந்துதான் காட்டு நூலகம். அதைக் கவனித்துக்கொள்வதும் எழுதுகிறவர்களுக்குத் தேக்கிலை கொடுப்பதும் ஓர் இருவாச்சிப் பறவை.

மாதத்தில் ஒருநாள் அங்கே கதை நாள். அன்று கெட்டியம்மா தன் இரண்டாவது புத்தகத்தை எடுத்துக்கொண்டு கல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. புத்தகத்தின் பெயர் ‘நல்லொழுக்க நண்டு’.

“ஒரு குளக்கரையில் ஒரு கறுப்புப் பாறை இருந்தது. அந்தக் கறுப்புப் பாறையின் மேல் ஒரு சிவப்பு நண்டு அமர்ந்திருந்தது. அது மிகவும் நல்ல நண்டு. ஏனெனில்...”

‘ஏனெனில்’ வந்ததுமே முயல்குட்டி கொட்டாவி விட்டது. நாலாம் பக்கத்தில் கீரிக்குட்டி தட்டான் பிடிக்க ஓடிவிட்டது. மான்குட்டிக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. அது கிளம்பியதும் இன்னும் ஐந்து பேருக்குத் தாகம் எடுத்தது. கெட்டியம்மா கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரில் ஒரு நத்தைதான் மிச்சம். அதுவும் எப்போதோ கிளம்பிவிட்டது. தூரம் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

கெட்டியம்மா புத்தகத்தை மூடிக்கொண்டு கல்லிலிருந்து இறங்கியது.

பொந்து சின்னது. அதனால் நூலகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஐப்பசி மழை தொடங்கும்வரை எந்தக் குட்டியும் கேட்டு வாங்காத புதுப் புத்தகத்தை மரத்தடிக் கறையான் புற்றில் வைத்துவிடுவார்கள். கெட்டியம்மாவின் முதல் புத்தகம் போன வருஷமே அங்கே போய்விட்டது.

இருவாச்சி மெதுவாகச் சொன்னது: “கெட்டியம்மா, இந்த நண்டும் புற்றுக்குத்தான் போகும்போல இருக்கு. மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. வேணும்னா வேற ஒண்ணு எழுதிக் கொண்டா. அதையும் ஒருத்தரும் கேட்கலைன்னா, அதுக்கப்புறம் உனக்குத் தேக்கிலை கிடையாது. நான் என்ன செய்ய? இலைக்குத் தட்டுப்பாடு!”

“இலை கிடையாதுன்னா நான் எப்படிண்ணே எழுதுறது?”

இருவாச்சி அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டது.

மேல் கிளையிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. மயில் பீலிராசன்! அதுவும் எழுத்தாளர்தான். அந்த வருஷம் கொன்றைப் பூச் சாற்றில் அட்டையைத் தோய்த்துப் பளபளவென்று ஒரு புத்தகம் போட்டிருந்தது. பார்த்த பெரியவர்களெல்லாம் “ஆகா!” என்றார்கள்.

“கவலைப்படாதே! எழுத்து என்பது பிறவியிலேயே வரணும்!” என்றது மயில்.

கெட்டியம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. உடனே திரும்பி இருவாச்சியிடம் கேட்டது. “அண்ணே, பொந்துல மொத்தம் எத்தனை படப் புத்தகம் இருக்கு?”

“முந்நூத்திப் பன்னிரண்டு.”

“அத்தனையும் படிக்கப்போறேன்!”

மயிலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “குட்டிகள் பார்க்கிற பொம்மைப் புத்தகத்தையா? இந்த வயசிலா? நான் அடுத்தவர் எழுதிய ஒரு வரியைக்கூடப் படிப்பதில்லை. படித்தால் என் நடை கெட்டுப்போகும்!”

“கெடுறதுக்கு என்கிட்ட நடையே இல்லை மயிலாரே! நான் படிக்கிறேன்!” என்றது கெட்டியம்மா.

உடும்பு பிடித்தால் விடுமா? மறுநாள் விடிந்ததும் பொந்து வாசலில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு நாளைக்குப் பத்துப் புத்தகம். வெயில் சுட்டது, எறும்பு கடித்தது, போகிறவர் வருகிறவரெல்லாம் கேலி பேசினார்கள். “என்ன கெட்டியம்மா, அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிச்சிருக்கியா?” என்று நரி கேட்டது. கெட்டியம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது நாளில் இருநூறு புத்தகத்தை முடித்தது. முடித்த கையோடு ஒரு கதையும் எழுதியது. பச்சோந்தியிடம் ஓடியது.

“தம்பி, இதைப் படிச்சுப் பாரு!”

வண்ணமுத்து ஒரு கண்ணால் கதையைப் படித்தது. இன்னொரு கண்ணால் கெட்டியம்மாவின் முகத்தைப் பார்த்தது. எப்படிச் சொல்வது என்று தயங்கியது.

“அக்கா, நண்டு இருந்த இடத்துல இப்போ ஆமை இருக்கு. மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கு.”

“என்ன தம்பி இப்படிச் சொல்லிட்ட! இருநூறு புத்தகம் படிச்சிருக்கேன்!”

“யானை சந்தைக்குப் போன கதையைப் படிச்சீங்களா?”

“படிச்சேனே!”

“அதுல யானையோட காதுக்குப் பின்னாடி ஓர் எலி ஒளிஞ்சிருக்குமே, அதைப் பார்த்தீங்களா?”

“எலியா? அந்தக் கதையில எலியே கிடையாது!”

“எழுத்துல கிடையாது. படத்துல பக்கத்துக்குப் பக்கம் இருக்கு! குட்டிகள் அதைத் தேடித்தானே அந்தப் புத்தகத்தையே எடுக்குதுங்க!”

கெட்டியம்மா விழித்தது. “தம்பி... நான் படத்தையெல்லாம் வாலால மறைச்சுக்கிட்டுத்தான் படிச்சேன். எழுதக் கத்துக்க வந்தவளுக்குப் படம் எதுக்குன்னு நினைச்சேன்.”

வண்ணமுத்துவின் உடம்பு வாலிலிருந்து தலைவரை சிவந்தது. “அப்போ ரெண்டு வருஷமா நான் போட்ட படத்தையும் நீங்க பார்க்கலையா? கறுப்புப் பாறையில சிவப்பு நண்டுன்னு நீங்க எழுதுறீங்க. நான் கறுப்புப் பாறையில சிவப்பு நண்டைப் போடுறேன். அப்புறம் குட்டி எதைத்தான் கண்டுபிடிக்கும்? ஒரே விஷயத்தை ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொல்லிட்டிருக்கோம்!”

கெட்டியம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. தம்பி பக்கத்திலேயே இருந்து உழைத்த உழைப்பை ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லையே என்று மனசு குத்தியது. சாக்குப்போக்குச் சொல்லவில்லை. ஆமைக் கதையை நான்காகக் கிழித்துக் குளத்தில் போட்டது.

“முதல் புத்தகத்திலிருந்து மறுபடியும் படிக்கிறேன்!” என்றது.

இந்த முறை வாலைச் சுருட்டிப் பின்னால் வைத்துக்கொண்டது. முதலில் எழுத்தைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்தது. பிறகு எழுத்தைப் படித்தது. பிறகு இரண்டையும் சேர்த்துப் படித்தது. மலைக்கு அந்தப்பக்கத்துக் குரங்குகள் போட்ட புத்தகத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆனாலும் கெட்டியம்மா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. நீர்நாய் எழுதிய ஒரு புத்தகத்தில் மொத்தமே ஏழு வார்த்தை. அது முடியும்போது கெட்டியம்மாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. “ஏழே வார்த்தையில் என்னை அழவெச்சுட்டானே!” என்று வாய்விட்டுச் சொன்னது. பொறாமை வந்தது. பொறாமையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தது.

புரட்டாசி பாதி கழிந்தது. மேற்கே மேகம் தெரிய ஆரம்பித்தது. அடுக்கில் இருந்த புத்தகமெல்லாம் முடிந்தது. கெட்டியம்மா எண்ணிப் பார்த்தது. முந்நூறுதான் இருந்தது.

“அண்ணே, பன்னிரண்டு குறையுதே?”

“அது கிழிசல் கூடையில கிடக்கு. பிசின் தடவி ஒட்டணும். குட்டிகள் குதறிப் போட்டது. அதைப் படிச்சு என்ன ஆகப்போகுது? விட்டுத் தள்ளு!” என்றது இருவாச்சி.

“முந்நூத்திப் பன்னிரண்டுன்னு சொன்னேன். முந்நூத்திப் பன்னிரண்டும் படிப்பேன்!”

மூலையில் கிடந்த கூடையை இழுத்து வந்தது. ஒரே சேறு, எச்சில், மாம்பழக் கறை. அட்டை இல்லாத புத்தகம், வாழைநார் அறுந்த புத்தகம். முதல் புத்தகத்தைத் திறந்ததும் கெட்டியம்மாவின் கண் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

பக்கத்தின் கீழ் மூலையில் பல்தடம்!

எல்லாப் பக்கத்திலும் இல்லை. ஒரே ஒரு பக்கத்தில்தான். ஆனால் அங்கே சின்னதும் பெரியதுமாக முப்பது நாற்பது பல் பதிந்திருந்தது. அடுத்த புத்தகத்தைத் திறந்தது. அதிலும் ஒரே ஒரு பக்கத்தில் கடி! மற்றொன்றில் ஒரு குட்டி வண்டின் படம் தேய்ந்து ஓட்டையே விழுந்திருந்தது. எத்தனை விரல் அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கும்!

அந்த நேரம் கீரிக்குட்டி அந்தப் பக்கமாக ஓடியது. கெட்டியம்மா அதைக் கூப்பிட்டது.

“கண்ணு, இது யார் கடிச்சது?”

“நான்தான் அத்தை! இங்க முயல் கடிச்சது, இங்க அணில் கடிச்சது!”

“ஏன் இந்தப் பக்கத்தை மட்டும் கடிக்கிறீங்க?”

“திருப்பினா முதலை வருமே! பயமா இருக்கும்! ஆனா திருப்பணும்! அதான் கடிச்சுக்கிட்டே திருப்புவோம்!”

கெட்டியம்மாவின் வால் தானாகத் துடித்தது. புற்றுக்குப் போன தன் முதல் புத்தகத்தை நினைத்துப் பார்த்தது. அதிலும் ஒரு முதலை உண்டு. முதலை அடுத்த பக்கத்தில் வரப்போகிறது என்று முந்தைய பக்கத்திலேயே சொல்லி, ஏன் வருகிறது என்றும் விளக்கி, வந்தால் பயப்பட வேண்டாம் என்று புத்திமதியும் எழுதியிருந்தது. பிறகு யார் பக்கத்தைத் திருப்புவார்கள்?

பன்னிரண்டு கிழிசலையும் படித்து முடித்தது. ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் கடிபட்டது, எந்தப் படம் தேய்ந்தது, எங்கே கண்ணீர்க் கறை இருந்தது என்று மனசில் பதித்துக்கொண்டது. பிறகு எழுத உட்கார்ந்தது. நூறு வரி எழுதி, படத்தில் தெரியும் வரியையெல்லாம் அடித்தது. குட்டிகளே கண்டுபிடித்துவிடும் வரியையும் அடித்தது. புத்திமதியை மட்டும் இன்னொரு முறை படித்துப் பார்த்தது. அதையும் அடித்தது. பத்தொன்பது வரி மிஞ்சியது.

அதை எடுத்துக்கொண்டு வண்ணமுத்துவிடம் போனது. “தம்பி, இந்த இடத்துல நான் வாயே திறக்கமாட்டேன். இது உன் பக்கம். நீதான் சொல்லணும்.”

வண்ணமுத்துவுக்கு வந்த சந்தோஷத்தில் மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாக நிறம் மாறியது. இளந்தேக்கிலையைக் கசக்கிச் சிவப்பும் மஞ்சளை இடித்து மஞ்சளும் எடுத்து அன்றே வேலையைத் தொடங்கிவிட்டது.

ஐப்பசி பிறந்தது. கதை நாள் வந்தது. வானம் இருட்டிக்கொண்டு நின்றது. கெட்டியம்மா கல்லின் மேல் ஏறியது. குட்டிகள் வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தன. மான்குட்டி முன்கூட்டியே தண்ணீர்ப் பக்கமாகப் போய் நின்றுகொண்டது.

புத்தகத்தின் பெயர் ‘யார் வால்?’

“புதருக்கு வெளியே ஒரு வால்” என்று படித்தது கெட்டியம்மா. “முயல் வந்தது. இழு! வரவில்லை.” பக்கத்தைத் திருப்பியது. “நரி வந்தது. இழு! இழு! வரவில்லை.”

எழுத்தில் அவ்வளவுதான். ஆனால் படத்தில் புதருக்கு அந்தப்பக்கமும் தெரிந்தது. வாலுக்குச் சொந்தக்காரரான உடும்பு ஒரு பெரிய பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்திருந்தது. பழத்தை மறுபக்கம் ஒரு கரடி இழுத்துக்கொண்டிருந்தது. வாலை இழுத்தவர்களுக்கு இது தெரியாது. பார்க்கும் குட்டிகளுக்குத் தெரியும்!

“ஐயோ, அது உடும்பு! விடாதே உடும்பே!” என்று அணில்குட்டி கத்தியது.

“கரடி! அந்தப் பக்கம் கரடி இருக்கு! நரிக்கு யாராவது சொல்லுங்களேன்!” என்று மான்குட்டி ஓடி வந்தது. தாகம் போன இடம் தெரியவில்லை.

“எல்லாரும் சேர்ந்து பிடித்தார்கள்” என்று படித்துவிட்டுக் கெட்டியம்மா நிறுத்தியது. பக்கத்தின் மூலையைக் குட்டிகள் பக்கம் நீட்டியது.

கீரிக்குட்டி மெல்ல முன்னால் வந்தது. மூலையைக் கடித்துக்கொண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு திருப்பியது.

பலாப்பழம் வெடித்துச் சுளை சுளையாகக் காடெங்கும் பறந்தது! கரடி தலையில் ஒரு சுளை, நரி வாயில் ஒரு சுளை. உடும்பு மட்டும் வெறும் காம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. குட்டிகள் உருண்டு உருண்டு சிரித்தன. அந்த நத்தையும் நகர்ந்துகொண்டிருந்தது. இந்த முறை புத்தகத்தை நோக்கி!

“எனக்கு!” “எனக்குத்தான் முதல்ல!” “நான்தான் கடிச்சேன், எனக்குத்தான்!” என்று எட்டுக் குட்டிகள் இருவாச்சியின் மேல் ஏறிவிட்டன. அப்போது முதல் துளி விழுந்தது. இருவாச்சி புத்தகத்தைக் கீரிக்குட்டியிடம் கொடுத்துவிட்டுக் கெட்டியம்மாவிடம் சொன்னது: “தேக்கிலை வேணும்னா எடுத்துக்கோ. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ!”

கெட்டியம்மாவும் வண்ணமுத்துவும் மழையில் நனைந்தபடியே சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

பத்து நாள் பெய்த மழை விட்ட பிறகுதான் புத்தகம் பொந்துக்குத் திரும்பி வந்தது. அட்டையில் சேறு. வாழைநார் அறுந்திருந்தது. மூலையில் எண்ண முடியாத பல்தடம். பலாச்சுளைப் பக்கத்தை யாரோ நக்கியே வெளுக்க வைத்திருந்தார்கள்.

மயில் அதைப் பார்த்துப் பதறியது. “அடப்பாவமே! உன் புத்தகத்தை இப்படி நாசம் பண்ணிவிட்டார்களே!”

கெட்டியம்மா அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அதற்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை. தன் கையாலேயே அதைக் கொண்டுபோய்க் கிழிசல் கூடையில் வைத்தது.

அதே நேரம் இருவாச்சி மேல் அடுக்கிலிருந்து ஒரு பளபளப்பான புத்தகத்தை இறக்கியது. ஒரு கறையும் இல்லை. ஒரு கீறலும் இல்லை. அதைக் கவ்விக்கொண்டு புற்றுப் பக்கம் நடந்தது. கொன்றைப் பூச் சாற்றில் தோய்த்த மயிலின் புத்தகம் அது! மயில் பின்னாலேயே இரண்டடி ஓடிவிட்டு நின்றது.

கெட்டியம்மாவுக்குப் பழைய கேலி நினைவுக்கு வந்தது. ஆனால் மயிலின் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. தானும் அங்கே நின்றவள்தானே!

மயில் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டது: “கெட்டியம்மா, எதிலிருந்து ஆரம்பிக்கணும்?”

கெட்டியம்மா கூடையை நடுவில் இழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கி இடம் விட்டது. “இதோ, இதிலிருந்து! முதல்ல அந்தத் தோகையை மடக்குங்க, படம் மறைக்குது!”

குழந்தைகளுக்கு எழுத விரும்புகிறவர், குழந்தைகள் ஆசையாகப் படித்துக் கிழித்த புத்தகங்களைத் தேடித் தேடிப் படிக்க வேண்டும்.