செண்பகவல்லியின் ஜெர்கின்

கோவில்பட்டி வெயிலுக்கு யாரும் ஜெர்கின் போடுவதில்லை. ஆனால் குழந்தைவேலுவுக்குக் காலையில் காபி குடித்த கையோடு ஒரு சிவப்பு ஜெர்கினைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

அது அவர் மனைவி செண்பகவல்லியின் போனில் வரும். மின்வாரிய வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்ற மாதம், பனிமலை பார்க்கப் போகவேண்டும் என்று அவள் அந்தப் போனில் ஜெர்கினும் கம்பளிக் கையுறையும் தேட ஆரம்பித்தாள். டிக்கெட் போடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவள் போன பிறகும், செய்தி படிக்கலாம் என்று அந்தப் போனைத் திறந்தால் ஓரத்தில் விளம்பரமாக ஜெர்கின் வந்து நின்றது. "நீங்கள் பார்த்தது இன்னும் இருக்கிறது. இன்னும் யோசனையா?" என்று கேட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கருமாதியோடு கலைந்துவிட்டார்கள். ஜெர்கின் மட்டும் கலையவில்லை. இந்த உலகத்தில் அவளிடம் இன்னும் பேசுவது அது ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது.

அதனால் அந்தப் போனைப் பூஜைப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தார். தன் தேவைக்குத் தன்னுடையதைத்தான் எடுப்பார். ஒருநாள் தன் போனில் சார்ஜ் இல்லை, முழங்காலும் குத்திக்கொண்டிருந்தது. அவசரத்துக்கு அவள் போனில் மூட்டுவலித் தைலம் என்று தேடிவிட்டார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தைலம், தைலம், தைலம். ஜெர்கின் எப்போதாவது எட்டிப் பார்த்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

குழந்தைவேலு பாபநாசத்துக்குப் பஸ் ஏறினார்.

அங்கே மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு ஆசிரமம். அதன் குரு தவமணியம்மா, வயதில் அவருக்கு மகளாக இருக்கலாம். துறவுக்கு முன் விளம்பரக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். குழந்தைவேலு அவரைக் குருவாக ஏற்றுப் பல வருஷம் ஆகிறது.

"என்ன ஐயா, முகம் இப்படி வாடிக் கிடக்கு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"அவ ரெண்டாவது தடவ போயிட்ட மாதிரி இருக்கும்மா. நானே அனுப்பிட்டேன்."

"இப்ப என்ன செய்யணுங்கீங்க?"

"அது அவள மறந்துறக் கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. எந்தப் பக்கத்தத் திறந்தாலும் குக்கிக்குச் சம்மதமா, சம்மதமான்னு கேக்கு. அவளுக்காக நான் எல்லாத்துக்கும் சம்மதம்னுதான் அமுக்கிட்டு வாரேன்."

தவமணியம்மா சிரிக்கவில்லை. ஆசிரமத்துப் போனை எடுத்தார்.

"எந்தக் கடை ஜெர்கின்?"

கடைப் பெயர், கலர், தலையை மூடும் குல்லா வரைக்கும் குழந்தைவேலுவுக்கு மனப்பாடம். சொன்னார். அம்மா அந்தக் கடையைத் திறந்து, சம்மதம் என்று அமுக்கி, ஜெர்கினைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தார்.

"சாப்பிட்டுட்டு இங்கயே படுங்க. காலையில பேசுவோம்."

வழி கேட்டு வந்தவனுக்குச் சாம்பார் சோறு போடுகிறார்களே என்று குழந்தைவேலுவுக்குச் சற்று மனத்தாங்கல். ஆனாலும் சாப்பிட்டார்.

விடிந்ததும் அம்மா அதே போனை அவரிடம் நீட்டினார்.

"இன்னைக்கு மழை உண்டுமான்னு பாருங்க ஐயா."

பார்த்தார். மேகப் படத்துக்குக் கீழே சிவப்பு ஜெர்கின். "நீங்கள் பார்த்தது இன்னும் இருக்கிறது. இன்னும் யோசனையா?"

"வந்துட்டா!" என்று கத்திவிட்டார். அப்புறம்தான் கையில் இருப்பது யாருடைய போன் என்று உறைத்தது.

"இது அவளுதுல்லா? ஒங்க போன்ல எப்படி?"

"நேத்து நான் பாத்தேன்லா."

"அப்ப இது ஒங்களயா கேக்கு?"

"என்னையும் கேக்கல."

"பெறகு யாரத்தான் கேக்கு?"

"கோயில் வாசல்ல செருப்ப விட்டா டோக்கன் குடுப்பாங்கள்லா ஐயா?"

"ஆமா."

"நீங்க சம்மதம்னு அமுக்குத அந்தக் குக்கி, டோக்கன்தான். விளம்பரம் போடுதவன் அத நம்ம போன்லயே போட்டு வச்சிருவான். எல்லாக் கோயில் வாசல்லயும் அதே ஆளுதான் கடை போட்டிருக்கான். நீங்க எங்க போய் நின்னாலும் டோக்கனப் பாப்பான். ஓ, இது ஜெர்கின் பாத்த டோக்கன்னு ஜெர்கினத் தூக்கிக் காட்டுவான். தைலம் பாத்தா தைலம்."

"ஆளு யாருன்னு தெரியாதா?"

"டோக்கனத்தான் பாக்கான். முகத்த எங்க பாத்தான்?"

"அது காணாமப் போயிட்டுன்னா?"

"அது ஒங்க கையிலதான் இருக்கு. வச்சிருக்கலாம். அழிக்கலாம். இனிமே எவன் குடுத்தாலும் வாங்க மாட்டேன்னும் சொல்லலாம். ஒண்ணும் செய்யாம விட்டாலும் அதுவா ஒருநாள் காலாவதியாயிரும்."

போனின் அமைப்புகளுக்குள் போய், அழிக்கிற இடத்தையும் தடுக்கிற இடத்தையும் அம்மா தொட்டுக் காட்டினார். பிறகு சுளகை எடுத்து அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டார்.

குழந்தைவேலுவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இத்தன நாளா அவகிட்டதான் பேசுதுன்னு இருந்தேனே."

அம்மா நிமிரவில்லை.

"கோவில்பட்டிக்காரங்களுக்குப் பனி மேல அப்படி என்ன ஆசை?"

"சின்னதுல அவ தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டுனாம்மா. அந்த லேபிள்ல ஒரு மலை இருக்கும். உச்சி மட்டும் வெள்ளை. அது என்னதுன்னு கணக்கப்பிள்ளைகிட்ட கேட்டிருக்கா. அந்தப் பாவி சீனின்னு சொல்லிட்டான்."

"நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டா! கல்யாணத்துக்கப்புறம் எங்கிட்ட கேக்கா, ஏங்க, அந்தச் சீனி மல எந்த ஊர்ல இருக்குன்னு."

சொன்னவர் சிரித்துவிட்டார். அவள் போன பிறகு தனக்கு இப்படிச் சிரிப்பு வந்ததே இல்லை என்பது சிரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

"அது பனி, சீனியில்லன்னேன். மூணு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. ஒங்கள யாரு சொல்லச் சொன்னதுங்கா. ஒருநாள் நேர்ல போய் அள்ளி நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் நம்புவேன்னு சொல்லிட்டா. கடைசிவரைக்கும் நான் சொன்னத அவ நம்பவே இல்லம்மா."

"இத வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"யாரு கேட்டா?"

குழந்தைவேலு பையிலிருந்து செண்பகவல்லியின் போனை எடுத்தார். அம்மா காட்டிய இடத்துக்குப் போனார். அழிக்கட்டுமா, அழித்தால் திரும்ப வராது என்று போன் கேட்டது. ஒன்றிரண்டு முறை பின்வாங்கினார். அப்புறம் அழுத்திவிட்டார்.

செய்திப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். சம்மதமா என்று கேட்டது. இல்லை என்றார். ஓரத்தில் ஏதோ ஒரு வாஷிங் மெஷின் வந்து நின்றது. தைலம் இல்லை. ஜெர்கினும் இல்லை.

ஒரு வருஷ அழுகையும் சேர்ந்து வந்தது. வெட்கப்படாமல் அழுதார்.

"போச்சும்மா. இனி அவள நான் எங்க போய்ப் பாப்பேன்?"

தவமணியம்மா சுளகைக் கீழே வைத்தார்.

"ஒங்களுக்குக் குளிர் தாங்குமா ஐயா?"