கடைசி வாய்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், ஒரு வீட்டில், ஓர் எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. ஒவ்வொரு மதியமும் அதன் அடியில் கொஞ்சம் சோறு தங்கும். அந்தச் சோற்றுக்குக் 'கடைசி வாய்' என்று பெயர்.

அந்தப் பெயரில் அதற்குப் பெருமை உண்டு. கடைசி வாய் உள்ளே போன பிறகுதான் சுகந்தி தன் மகள் ஓவியாவின் வாயைத் துடைத்து, "போதும், போய் விளையாடு" என்பாள். மூன்று வயதுக் குழந்தைக்கு விடுதலை வாங்கித் தரும் சோறு என்றால் சும்மாவா?

ஒருநாள் பருப்புச் சாதம். பாதிக் கிண்ணம்கூடக் காலியாகவில்லை. ஓவியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுகந்தி மேலாக ஒரு ஸ்பூன் அள்ளினாள்.

"இதுதான் கடைசி வாய். ஆ காட்டு."

ஓவியா நம்பி வாயைத் திறந்தாள்.

"ஸ்பூன் அண்ணே," என்று அடியிலிருந்து குரல் கொடுத்தது கடைசி வாய். "அது நான் இல்லையே. நான் இங்கதான் கிடக்கேன்."

"கை போற இடத்துக்கு நானும் போறேன். என்னைக் கேட்டா?" என்றது ஸ்பூன்.

அடுத்த வாயும் கடைசி வாய் என்றே போனது. அதற்கடுத்ததும் அப்படியே.

"என் பேரைச் சொல்லி இன்னும் எத்தனை பேரை அனுப்புவீங்க?"

"அட விடுப்பா," என்றது கிண்ணம். "பிள்ளைக்கு எண்ணவா தெரியும்?"

"எண்ணத் தெரியாது. ஏமாந்தா தெரியும்."

அந்த நேரம் பார்த்துப் பசி வாசலில் வந்து நின்றது. "உள்ள வரலாமா?"

"இப்பதான் வர்றியா?" என்று ஸ்பூன் எரிந்து விழுந்தது. "நாங்க ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு."

"நான் எப்பவோ கிளம்பிட்டேன். வழியில ஒரு டம்ளர் பால் மறிச்சுது. அப்புறம் பிஸ்கட் மறிச்சுது. நான் மெதுவாத்தான் நடப்பேன், ஒத்துக்குறேன். ஆனா நான் வந்துட்டா உனக்கு வேலை இல்ல. அவளே அள்ளிச் சாப்பிடுவா."

"நீ வராமலே போயிட்டா?"

"ஒருநாளாவது காத்திருந்து பார்த்தீங்களா?"

ஸ்பூன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியது. "போன மாசம் ஒரு வளைகாப்பு. மண்டபத்துல எல்லாரும் சேர்ந்து, 'என்ன சுகந்தி, பிள்ளை இப்படி வத்தலாட்டம் இருக்கு, ஒழுங்கா குடுக்குறதில்லையா'ன்னு கேட்டாங்க. பக்கத்துலயே அவ புருஷன் உக்காந்து ஜாங்கிரி சாப்பிட்டுட்டு இருந்தார். அவரை ஒருத்தரும் கேக்கல. அன்னையிலேருந்து கிண்ணம் காலியாகாம அவ என்னைக் கீழ வைக்கிறதில்ல. நான் இந்தப் பிள்ளைக்கா ஊட்டுறேன்? அந்த மண்டபத்துக்கு ஊட்டிட்டு இருக்கேன்."

"அந்த மண்டபத்துக்கு என்னைக்கு வயிறு நிறையும்?" என்று கேட்டது பசி.

ஸ்பூன் அடுத்த வாயை அள்ளப் போனது. பசி படியிறங்கிப் போய்விட்டது.

சில நாட்களில் கடைசி வாய் என்ற பேச்சு ஓவியாவிடம் எடுபடாமல் போனது. அதைக் கேட்டதுமே அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். இன்னும் நிறைய இருக்கிறது என்பதுதான் அவளுக்கு அதன் அர்த்தம். அதனால் செல்போன் வந்தது. கிண்ணத்துக்கு எதிரே சாய்ந்து உட்கார்ந்து பாட்டுப் பாடியது.

"பார்த்தீங்களா?" என்றது செல்போன். "நான் பாடினா வாய் தன்னால திறக்குது. சண்டை உண்டா, அழுகை உண்டா?"

உண்மைதான். கிண்ணம் காலியானது. கடைசி வாயும் கடைசியாகவே உள்ளே போனது. ஆனால் ஓவியாவின் கண்கள் திரையை விட்டு அசையவில்லை. போனது பருப்பா ரசமா என்று அவளுக்குத் தெரியாது. சாப்பாடு முடிந்ததுகூடத் தெரியாது. காலி ஸ்பூன் வந்தபோதும் வாயைத் திறந்தாள்.

"இதுக்கு நான் குப்பைக்கே போயிருக்கலாம்," என்றது கடைசி வாய், தொண்டையில் இறங்கிக்கொண்டே.

பிறகு ஒரு மதியம், பாட்டுக்கு நடுவில் செல்போன் சார்ஜ் இல்லாமல் அணைந்தது. கிண்ணத்தில் ஒரே ஒரு வாய்தான் மிச்சம். ஓவியா நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் அந்த வாயோடு ஸ்பூன் நின்றது.

"கடைசி வாய்டா செல்லம்," என்றாள் சுகந்தி.

உதடு இறுகியது.

"நிஜமாவே கடைசி. அம்மா பொய் சொல்லுவேனா? கிண்ணத்தைப் பாரு, ஒண்ணுமே இல்ல."

ஓவியா கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையால் ஸ்பூனைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். சோறு தரையில் விழுந்தது.

"நான்தான், நிஜமா நான்தான்," என்று தரையில் கிடந்து சொல்லிக்கொண்டே இருந்தது கடைசி வாய். சுகந்தி துணி எடுத்து வரப் போனாள்.

துணியோடு திரும்பியவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

ஓவியா மூலையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பொம்மை. கையில் விளையாட்டுச் சொப்பு. சொப்பிலிருந்து இல்லாத சோற்றை அள்ளி, பொம்மையின் வாயருகே கொண்டுபோனாள்.

"கடைசி வாய். ஆ காட்டு."

ஊட்டினாள். சொப்பைக் கீழே வைத்தாள். கவுனின் நுனியால் பொம்மையின் வாயைத் துடைத்தாள்.

"போதும். போய் விளையாடு."

மறுபடி சொப்பை எடுப்பாள் என்று சுகந்தி காத்திருந்தாள். ஓவியா எடுக்கவில்லை.

தரையில் சிதறிக் கிடந்த கடைசி வாய் மெல்லச் சொன்னது: "பார்த்தியா அண்ணே, அவ பொம்மைகிட்ட பொய் சொல்லல."